தாங்கும் சக்தியில் முதலிடம்

எங்கள் ஊர் இளைஞர்கள் துன்பத்தைத் தாங்குவதில் முதலிடம் பெற்றுவிட்டார்கள் என்று சுவிற்சர்லாந்துத் தொண்டு நிறுவனம் ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்தது. போர் கண்ட பல நாடுகளின் பிள்ளைகளை ஒரே வினாத்தாளால் அளந்து பார்த்தார்களாம். அதில் முல்லைத்தீவுப் பக்கத்தில் கடலோரமாகக் கிடக்கும் எங்கள் கிராமத்துப் பிள்ளைகள்தான் எல்லோருக்கும் மேலே நிற்கிறார்களாம். சான்றிதழ் வாங்க நொஷாட்டல் என்ற நகரத்துக்கு வரும்படி, இளைஞர் நிலையத்தின் பொறுப்பாளரான எனக்கு அழைப்பு. செய்தி பரவியதும் கோயில் ஐயர் தொடக்கம் மீன்காரர் வரை வாழ்த்தினார்கள். எனக்கு மட்டும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

காரணம் மின்னஞ்சலின் இரண்டாவது பந்தி. இப்படி உயர்ந்த நிலையை நீங்கள் அடைந்துவிட்டபடியால், வருட முடிவோடு உங்கள் ஊரில் உளவளத்துணைச் சேவையை நிறுத்தி, அதிகத் தேவையுள்ள வேறோர் இடத்துக்கு மாற்றுகிறோம் என்று அதில் இருந்தது. அதாவது வதனி போய்விடுவாள். வதனி எங்கள் உளவளத்துணையாளர். செவ்வாயும் வெள்ளியும் பஸ் பிடித்து வந்து, கரப்பந்து மைதானத்துக்குப் பக்கத்துத் தகர அறையில் இருப்பாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்க் கதைத்துவிட்டு வருவார்கள். சிலர் முகம் கழுவிக்கொண்டு வருவார்கள்.

துளசிக்குப் பதினேழு வயது. சண்டை முடிந்தபோது கைக்குழந்தை. தகப்பன் அன்றைக்குக் காணாமல் போனவர்தான். அவளுக்கு அந்த நாட்களில் ஒன்றும் ஞாபகமில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். ஒரு கட்டத்தில் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டு இரண்டு வருடம் வீட்டுப் படலையைத் தாண்டவில்லை. வதனி வந்த பிறகுதான் செவ்வாய்க்கிழமைகளில் சைக்கிள் மிதித்து நிலையத்துக்கு வருகிறாள். அந்தச் செவ்வாய்க்கிழமை இல்லாமல் போனால் அவள் திரும்பவும் படலைக்குள் போய்விடுவாள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சரி, இப்படிப்பட்ட பிள்ளைகள் முதலிடம் எடுத்தது எப்படி? அந்தக் கூத்தைச் செய்தவள் நான்தான். 'நான் நன்றாக நித்திரை கொள்கிறேன்', 'எதிர்காலத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு' என்று அந்த வினாத்தாளில் வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை வட்டம் போட வேண்டும். ஒன்று என்றால் இல்லவே இல்லை, ஐந்து என்றால் எப்போதும். பிள்ளைகளைத் தனிமையில் விட்டு நிரப்பச் சொல்ல வேண்டும் என்று மேலே தடித்த எழுத்தில் விதி போட்டிருந்தது. நானோ இருபத்தாறு வருடம் கணிதம் படிப்பித்தவள். இலக்கம் போட்ட தாளைக் கண்டதும் பழைய புத்தி வந்துவிட்டது. பிள்ளைகளை வாங்கு போட்டு இருத்தி, "வெளிநாட்டுக்காரர் பாக்கிற பேப்பர். ஒரு கேள்வியையும் விடாதேங்கோ. ஐஞ்சு போட்டால்தான் வடிவு" என்று சொல்லிவிட்டேன்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தொடக்கம் சோதனை எழுதியே வளர்ந்த பிள்ளைகள் அல்லவா? முன் வாங்கில் இருந்தவர்கள் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டார்கள். பின் வாங்குக்காரர் முன் வாங்கைப் பார்த்து எழுதினார்கள். துளசி அன்று வராதபடியால் வீட்டுக்கே போனேன். அவளுடைய தாய் பத்மாக்கா பனங்கட்டியோடு பிளேன்ரீ கொண்டுவந்து தந்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். "பிள்ளை நல்லா நித்திரை கொள்ளுறாள் ரீச்சர், ஐஞ்சு போடுங்கோ" என்றார். வந்தவளுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு வீட்டுக் கவலையையும் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. நான் குடித்துக்கொண்டே ஐந்தைக் காட்டினேன். துளசி வட்டம் போட்டாள்.

யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்ட கதை. உண்மையைச் சொன்னால் கள்ளத் திருத்தம் செய்தவள் என்ற பெயரோடு வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் வதனி போய்விடுவாள். இதை மடியில் கட்டிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

முதல் நாள் லோசானில் என் பெரியம்மாவின் மகன் தேவன் அண்ணை வீட்டில் இறங்கினேன். அண்ணை அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை அறைகளைத் துப்புரவு செய்கிறவர். தஞ்சம் கேட்டு வந்து முப்பது வருடமாகிறது. இப்போது "எங்கட நாட்டில" என்று அவர் சொன்னால் எந்த நாடு என்று ஒருகணம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அண்ணையின் மனைவி, என் மச்சாள், புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் செய்து வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு தட்டில் பாற்கட்டி. அதைப் புட்டோடு பிசைந்து சாப்பிட்டுப் பார்க்கும்படி அண்ணை கட்டாயப்படுத்தினார். ஈரச் சாக்கில் சுற்றி வைத்த தயிர் மாதிரி ஒரு மணம். நல்லாயிருக்கு என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, மறுபடியும் ஒரு துண்டு வந்தது.

பின்னேரம் அரிசி எடுக்கப் போன அண்ணை என்னையும் நிலக்கீழ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு சீமெந்துக் கதவு. என் முழங்கை நீளத்துக்குத் தடிப்பு. "இது என்ன அண்ணை, வங்கியோ?" என்றேன். "பங்கர். இந்த நாட்டில கன கட்டடங்களுக்குக் கீழ இருக்கு. சண்டை வந்தால் ஒளிக்க." அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். "எப்ப சண்டை வந்தது?" "இன்னும் வரேல்லை."

உள்ளே பார்த்தேன். காற்று வடிகட்டும் பொறி, சுவரோடு மடித்து வைத்த கட்டில்கள், வெள்ளைச் சுவர். மற்றப்படி பனிச்சறுக்குப் பலகைகள், வைன் போத்தல்கள், மச்சாளின் அரிசி மூட்டை, மாங்காய் ஊறுகாய்ப் போத்தல்கள். நாங்கள் பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கி, சேலையைக் கிழித்துச் சாக்குத் தைத்து, ஒவ்வொரு இடமாக ஓட ஓடப் பங்கர் வெட்டினவர்கள். சண்டை வந்த எங்களிடம் சீமெந்து இல்லை. சீமெந்து இருக்கிற இவர்களிடம் சண்டை இல்லை. கடவுளின் பங்கீட்டு முறையைப் பற்றி அவரிடம் நேரில் நாலு வார்த்தை கேட்க வேண்டும். அண்ணை அரிசி அள்ளும்போது அந்தக் கதவு எனக்குப் பின்னால் மெல்ல அசைந்தது. நான் "வெக்கையாக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். அங்கே ஒரு வெக்கையும் இல்லை, நல்ல குளிர்.

இரண்டாம் நாள் லோசானைப் பார்க்கப் புறப்பட்டேன். மலைச்சரிவில் கட்டின நகரம். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போக ஏணி வைத்திருக்கலாம். நிலக்கீழ் ரயிலில் ஓட்டுநர் இல்லை. முன் இருக்கையில் ஒரு சின்னப்பிள்ளை இருந்து ஓட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கிறார், ஆனால் அவர் பெரும்பாலும் பின்னால் திரும்பி நடத்துநரோடு கதைத்துக்கொண்டிருப்பார். பெரிய வித்தியாசமில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் மானம் போனது. என்னுடைய தரிப்பிடம் வந்தும் பஸ் நிற்காமல் போகிறது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் எழும்பி நின்று எங்கள் ஊர் வழக்கப்படி அடித்தொண்டையில் "இறக்கம்!" என்று கத்தினேன். முழு பஸ்ஸும் திடுக்கிட்டது. ஒரு கிழவர் தன் நாய்க்குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற பெண் மெதுவாக ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்திக் காட்டினாள். இந்த ஊரில் இறங்க வேண்டியவர் தானாக அழுத்தினால்தான் நிற்பாட்டுவார்கள். முகத்தைப் பார்த்து விளங்கிக்கொள்ளுகிற வேலை இல்லை. மூன்று தரிப்பிடம் நடந்து வந்தேன், எல்லாம் மேடு.

அன்று சாப்பாட்டு மேசையில் என் குட்டை உடைத்தேன். மச்சாள் வாயில் கைவைத்தார். "ஐயோ, வெள்ளைக்காரருக்கு முன்னால போய் களவு செய்தனான் எண்டு சொல்லுறதோ? எங்கட ஆக்களுக்கெல்லாம் வெக்கம். பேசாமல் சேர்ட்டிபிக்கேற்றை வாங்கிக்கொண்டு வாங்கோ மச்சாள்." அண்ணை சிரித்தார். "எனக்கு நடந்தது தெரியுமோ? தஞ்ச விசாரணையில உனக்கு அடிச்சவங்களோ எண்டு கேட்டவன். நான் கொஞ்சம் எண்டனான். அவனுக்கு முன்னால போய் ஒப்பாரி வைக்க ஏலுமோ? அவன் கொஞ்சம் எண்டே எழுதினான். முதல் தரம் நிராகரிச்சுப் போட்டாங்கள்."

"பிறகு?"

"ரெண்டாந்தரம் சேட்டைக் கழட்டி முதுகைக் காட்டினனான்." அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அந்த முதுகை ஒருநாளும் பார்த்ததில்லை. அவருடைய மகள் ஆரணி சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் தகப்பனைப் பார்த்தாள். அவளும் அதை அன்றைக்குத்தான் முதல்தரம் கேட்கிறாள் என்று தெரிந்தது.

மூன்றாம் நாள் ஆரணியோடு நொஷாட்டலுக்கு ரயில் ஏறினேன். அவளுக்கு இருபத்துநாலு வயது, சமூகசேவை படிக்கிறாள். மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டிவரலாம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு ஆங்கிலம் வரும், ஆனாலும் துணைக்கு ஒரு ஆள் நல்லது. ரயில் ஏரிக்கரையோடு போனது. தண்ணீர் இவ்வளவு துப்புரவாக இருந்தால் மீன் எப்படிச் சீவிக்கும் என்று யோசித்தேன்.

"மாமி, நீங்கள் உண்மையைச் சொல்லத்தானே போறியள்?" என்று ஆரணி கேட்டாள்.

"பாப்பம்."

"பாப்பம் எண்டால் ஓமோ, இல்லையோ?"

"பாப்பம் எண்டால் பாப்பம்."

"மே நோன், மாமி!" இல்லவே இல்லை என்பதைப் பிரெஞ்சில் அவள் அப்படித்தான் சொல்வாள். "அம்மாவும் இப்பிடித்தான். உங்கட தமிழில ஓமுக்கும் இல்லைக்கும் நடுவில எத்தினை இடம் இருக்கு?" நான் ஜன்னலால் பார்த்தேன். வாயாடி. ஆனால் சரியாகத்தான் கேட்டாள்.

நொஷாட்டல் மஞ்சள் கல்லில் கட்டின ஊர். யாரோ பால்கோவாவை அறுத்து வீடு கட்டினதுபோல் இருந்தது. தொண்டு நிறுவனத்தின் திட்டப் பொறுப்பாளர் கிளேர் வாசலில் வந்து கைகொடுத்தார். நரைத்த குட்டை முடி, நேரான பார்வை. மண்டபத்துக்குள் போனதும் ஆளுக்கொரு நிற ஒட்டுத்தாள் தந்தார்கள். பச்சையில் எங்கள் பலத்தை எழுத வேண்டும், மஞ்சளில் எங்கள் சவாலை. பிறகு எல்லோரும் வட்டமாக நின்று ஒரு நூல் பந்தை எறிந்து பிடித்தோம். நாங்கள் எல்லோரும் ஒருவரோடு ஒருவர் இணைக்கப்பட்டிருக்கிறோம் என்று காட்டவாம். பந்தைப் பிடித்தவர் எல்லாம் ஒவ்வொரு யுத்தத்திலிருந்து வந்தவர்கள். இணைப்பைப் பற்றிப் புதிதாகத் தெரிய வேண்டியவர்கள் அந்த வட்டத்தில் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டில் எனக்கு இன்னொரு பாடம் கிடைத்தது. ஏரி மீன் பொரித்து, உருளைக்கிழங்கோடு வைத்தார்கள். நல்ல ருசி. "இன்னும் வேண்டுமா?" என்று கிளேர் கேட்டார். "வேண்டாம், போதும்" என்றேன். எங்கள் பக்கத்தில் அது முதலாவது வேண்டாம். இரண்டாவது தரம் கேட்பார்கள், மூன்றாவது தரம் தட்டிலேயே போட்டுவிடுவார்கள், நாங்களும் ஐயோ என்று சொல்லிக்கொண்டு சாப்பிடுவோம். கிளேர் தலையாட்டிவிட்டு மீன் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். நான் அந்த மீன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரில் இருந்த மனிதர் சத்தமாகச் சிரித்தார். சூடானிலிருந்து வந்த இத்ரிஸ். அகதி முகாமில் இளைஞர்களுக்கு வகுப்பு நடத்துகிறவர். "நானும் ஒருதரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், சகோதரி. நேற்றிலிருந்து பசி" என்றார். அவருடைய பிள்ளைகளுக்குத்தான் இரண்டாமிடம். நீங்கள் எப்படி எடுத்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். ஆங்கிலத்தில் அவர் சொன்னதை இப்படித்தான் தமிழில் எழுத முடியும்: "எங்கள் ஆட்களிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் இறைவனுக்கு நன்றி, நலம் என்றுதான் சொல்வார்கள். வீடு எரிந்துகொண்டிருந்தாலும் நலம்தான். ஒரு பையன் 'நான் பாதுகாப்பாக உணர்கிறேன்' என்பதற்கு ஐந்து போட்டான். வெளியே குண்டு விழுகிற சத்தம் கேட்கிறது. ஏன் தம்பி ஐந்து என்று கேட்டேன். 'நீங்கள் கவலைப்படக் கூடாது, ஆசிரியரே' என்றான்."

அதைச் சொல்லும்போதும் அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் இடத்துக்கும் சேவையை நிறுத்துகிறார்களா என்று கேட்டேன். தலையாட்டினார். வெற்றி பெற்றவர்கள் இரண்டு பேரும் ஒரு துண்டுப் பாணைப் பகிர்ந்து சாப்பிட்டோம்.

நான்காம் நாள் காலை சான்றிதழ் கொடுக்கிற கூட்டம். மச்சாள் தந்த மயில் கழுத்து நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். கிளேர் மேடையில் கடினத்தாள் உறையில் சான்றிதழைத் தந்து, "உங்கள் பிள்ளைகளின் இரகசியம் என்ன?" என்று கேட்டார். ஐந்து நிமிடம் பேச நேரம். எனக்கு முன்னால் ஒரு சிறு மணிக்கூடு பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"இரகசியம் நான்தான்" என்றேன்.

மண்டபம் சிரித்தது. யாரோ கைதட்டத் தொடங்க எல்லோரும் தட்டினார்கள். என்ன அடக்கம் பார் என்ற முகம் எல்லோருக்கும். எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. என் வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போட்டால் போடுகிற அதட்டலைப் போட்டேன். "கைதட்டாதீர்கள்!" தட்டல் நின்றது.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கு போட்டது, ஐந்து போடச் சொன்னது, பின் வாங்கு முன் வாங்கைப் பார்த்து எழுதியது, தேநீரைக் குடித்துக்கொண்டு ஒரு பிள்ளைக்கு ஐந்தைக் காட்டியது. துளசியின் பெயரைச் சொல்லவில்லை, கட்டிலை மட்டும் சொன்னேன். "எங்கள் பிள்ளைகள் தாங்குகிறார்கள்தான். தாங்குகிறவரிடமிருந்து கைத்தடியைப் பிடுங்குகிறதுதான் பரிசா? அந்த அறையைப் பூட்டாதீர்கள்." முன்வரிசையில் ஒரு மொட்டைத்தலைக்காரர் இன்னும் பாராட்டுகிற மாதிரியே தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்போது இத்ரிஸ் கையை உயர்த்தி எழும்பினார். "இரண்டாம் இடத்தையும் வெட்டிவிடுங்கள்" என்றார். மூன்றாம் இடம் எடுத்த ஊர்க்காரர் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார்.

தேநீர் இடைவேளையில் கிளேர் என்னையும் ஆரணியையும் ஒரு சிறு அறைக்குள் கூட்டிப்போனார். "அப்படியானால் நீங்கள் விதியை மீறியிருக்கிறீர்கள்" என்றார். சுற்றி வளைக்கவில்லை. "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். "நான் அதை அறிக்கையில் எழுதுவேன். உங்கள் பதவியைப் பற்றி உங்கள் ஊர்க் கிளைதான் தீர்மானிக்கும்." சரி என்றேன். "ஆனால் பிழையான முடிவை வைத்துச் சேவையை நிறுத்த முடியாது. அதைத் தள்ளிவைக்கச் சொல்கிறேன். ஒரு மாதத்துக்குள் தனிமையில் புதிதாக நிரப்பி அனுப்புங்கள்."

எனக்கு அந்த மனுசியைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. "மறுபடியும் ஐந்து போட்டால் என்ன செய்வீர்கள்?"

போடுவார்கள். நான் எத்தனை தரம் வகுப்பெடுத்தாலும் போடுவார்கள். தனிமையில் விட்டால் இன்னும் கவனமாகப் போடுவார்கள். ஆரணி பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். கிளேர் வெளியே போய் ஒரு வெற்று வினாத்தாளோடு வந்தார். "உங்கள் மருமகள் கேட்கிறாள். நீங்கள் இதை நிரப்பியிருக்கிறீர்களா என்று."

"நான் என்ன இளைஞரோ?" என்றேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தேன். முதலாவது: நான் நன்றாக நித்திரை கொள்கிறேன். கை தன்பாட்டில் ஐந்துக்குப் போய்விட்டது.

"மாமி, நீங்கள் செருப்பைக் கழட்டாமல் படுக்கிறியள். பாஸ்போட்டைச் சட்டைக்குள்ள வைச்சுக்கொண்டு. நான் மூண்டு இரவாப் பாக்கிறன்."

"பெரியாக்களின்ர விசயத்தில வாய் வைக்காதை!" என்று கத்திவிட்டேன். அவள் முகம் சிவந்தது. கிளேருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் விளங்கியிருக்க வேண்டும். ஆரணியின் தோளில் கைவைத்து வெளியே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். தடித்த எழுத்தில் இருந்த அந்த விதியை யாரோ மதித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

தனியே இருந்தேன். ஐந்தின் மேல் போட்ட பாதி வட்டத்தை வெட்டி, ஒன்றுக்கு வட்டம் போட்டேன். இரண்டாவதுக்கு இரண்டு. இப்படியே கீழே வந்து, 'என் கவலையை மனம்விட்டுச் சொல்ல எனக்கு ஒருவர் இருக்கிறார்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். வதனியின் அறைத் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் நான்தான் திறந்து, கூட்டி, மேசை துடைத்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். அவளுக்கு எதிரே இருக்கிற அந்தக் கதிரையில் ஒருநாளும் நான் இருந்ததில்லை. அது பிள்ளைகளுக்கு. ஒன்றுக்கு வட்டம் போட்டேன். பிறகு அழுதேன். நல்லாகவே அழுதேன். மயில் கழுத்துச் சேலைத் தலைப்பு நனைந்துபோனது.

கிளேர் சான்றிதழைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கடினத்தாள் உறையையும். இந்த நாட்டில் ஒன்றையும் வீணாக்க மாட்டார்கள்.

திரும்பும் ரயிலில் ஆரணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "கத்தினதுக்கு மன்னிச்சுக்கொள், பிள்ளை" என்றேன். "பரவாயில்லை, மாமி" என்றாள். பிறகு தானே திருத்தினாள். "இல்லை, கோவமாத்தான் இருந்தது. இப்ப இல்லை." அந்தப் பிள்ளையிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

நான் நிரப்பிய தாளைப் படமெடுத்தேன். அதை எங்கள் நிலையத்து வட்சப் குழுவில் போட வேண்டும் என்று தோன்றியது. விரல் இரண்டு தரம் பின்வாங்கியது. இருபத்தாறு வருடம் பலகைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றவள். ஊரில் பின்னேரம் ஐந்து மணி இருக்கும், பிள்ளைகள் கரப்பந்து அடித்து முடிக்கிற நேரம். போட்டுவிட்டேன். கீழே எழுதினேன்: "இது ரீச்சரின்ர பேப்பர். அண்டைக்கு உங்களுக்குப் பிழையாச் சொல்லித் தந்திட்டன். இதில பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. உள்ளதைப் போடுங்கோ."

யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலில் பெயர்கள் வரிசையாக விழுந்தன. எல்லோரும் பார்க்கிறார்கள், ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. யாரோ ஒரு கட்டைவிரல் படம் போட்டு, உடனே அழித்தார்கள். ஏரியைப் பார்த்தேன், திராட்சைத் தோட்டத்தைப் பார்த்தேன், ரிக்கெற் பார்க்க வந்தவரின் சப்பாத்தைப் பார்த்தேன்.

பிறகு கரப்பந்துக் குழுத் தலைவன், பத்துப் பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத உடம்புக்காரன், எழுதினான்: "ரீச்சர், எனக்கு முதலாவதுக்கு ரெண்டு." அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. "எனக்கு ஒண்டு." "எனக்கும் ஒண்டு ரீச்சர்." "மூண்டாவதுக்கு பூச்சியம் போட ஏலுமோ?" ஆரணி என் தோளுக்கு மேலால் எட்டி வாசித்துக்கொண்டே வந்தாள். துளசி மட்டும் எழுதவில்லை. பார்த்துவிட்டாள் என்று காட்டியது, அவ்வளவுதான்.

லோசானுக்குக் கிட்டே வரும்போது அவளுடைய இலக்கத்திலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. காதில் வைத்தேன். முதலில் கோழிச் சத்தம், பிறகு ஒருவர் தொண்டையைச் செருமுகிற சத்தம். துளசி இல்லை, தாய் பத்மாக்கா.

"ரீச்சர், பிள்ளை உங்கட பேப்பரைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினவள். அவளுக்கு முதலாவதுக்கு ஒண்டுதான் ரீச்சர். எனக்குத் தெரியும். நானும் பக்கத்தில முழிச்சுக்கொண்டுதானே கிடக்கிறனான்." மறுபடியும் கோழிச் சத்தம். பதிவு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு குரலைத் தணித்து, மகளுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல் கேட்டார்:

"ரீச்சர், உந்தப் பேப்பர் பெரியாக்களுக்கும் குடுப்பினமோ?"